அல்மாக்ரோவில் குடியேறுகிறீர்களா? முதலில் பத்ரோன், மற்றதெல்லாம் அப்புறம்

ஸ்பெயினுக்கு வேலைக்கோ ஆய்வுக்கோ வருகிறவர்களுக்குக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் மாட்ரிட்டையும் பார்சலோனாவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. சின்ன ஊரில் குடியேறுகிறவருக்கு அவை பாதி வழிதான் காட்டும். இந்த அலுவலகம் கேட்கும் தாள் அந்த அலுவலகத்தில் கிடைக்கும், அங்கே போனால் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்கள். நாங்கள் குடும்பத்தோடு இப்படித்தான் அலைந்தோம். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்ற வரிசை தெரிந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடு கிடைத்ததும் அதில் முதலில் வருவது பத்ரோன், அதாவது நகராட்சியின் குடியிருப்போர் பதிவு.

அல்மாக்ரோ, ஸ்பெயினின் நடுவே லா மாஞ்சா சமவெளியில், சியுதாத் ரியால் மாகாணத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 9,000. மாகாணத் தலைநகரான சியுதாத் ரியால் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். அங்கே காஸ்தில்யா-லா மாஞ்சா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1992 முதல் ஓடும் அதிவேக ரயிலில் அங்கிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு மணி நேரம்தான். வாடகை குறைவு, பிள்ளைகள் தெருவில் விளையாடலாம் என்பதால் சியுதாத் ரியாலில் வேலை பார்க்கிறவர்கள் அல்மாக்ரோவை யோசிக்கிறார்கள். ஊரின் பழங்கதையை இங்கே சொல்லப்போவதில்லை, அதைச் சுற்றுலாத் தகவல் மையத்தில் அழகாகச் சொல்வார்கள். உங்கள் வாடகை வீட்டையும் உங்கள் நேரத்தையும் பாதிக்கும் அளவுக்கு மட்டும் வரலாறு இடையில் வரும்.

ஒன்று கவனியுங்கள். வெளிநாட்டினருக்கான புதிய ஒழுங்குவிதி 2025 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு குடியேறிய நண்பர் சொல்வது அவர் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் விசா வகைக்கு இன்று என்ன கேட்கிறார்கள் என்பதைத் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்: பெயரைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை இது, வேறு மொழிக் குறிப்புகளில் இருக்காது. ஸ்பானியப் படிவம் எதை எடுத்தாலும் மூன்று கட்டங்கள் இருக்கும்: பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர். நமக்கோ இனிஷியலும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஒரு அலுவலர் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக எழுதுவார், இன்னொருவர் அப்பா பெயரை அங்கே போடுவார், மூன்றாமவர் இனிஷியலை மட்டும் போடுவார். நகராட்சிப் பதிவில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், மருத்துவ அட்டையில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால், கணினி உங்களை மூன்று ஆட்களாகத்தான் பார்க்கும்.

எனவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இனிஷியல் விரிக்கப்பட்டு, குடும்பப் பெயர்க் கட்டம் நிரம்பியிருப்பது நல்லது. இல்லையென்றால் புதுப்பிக்கும் சாக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் இல்லை, காலியாகத்தான் இருக்கிறது என்றால், விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வடிவத்தை எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் குடும்பப் பெயர் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் அம்மா பெயரைக் கேட்டு அங்கே நிரப்பப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிடுங்கள். எந்தக் கவுண்டரிலும் கையெழுத்திடும் முன் அச்சிட்ட தாளில் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அந்த நேரத்தில் திருத்துவது சுலபம், மறுநாள் போனால் திருத்த மனு எழுத வேண்டும்.

பெயர் சரியானதும் ஆவணங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வோம். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இல்லாமலேயே இருக்கும். பெயரைச் சேர்த்து வாங்க வேண்டும். கல்யாண மண்டபமோ கோயிலோ கொடுத்த சீட்டு உதவாது, பதிவு அலுவலகச் சான்றிதழ்தான் செல்லும். எல்லாச் சான்றிதழிலும் ஆங்கிலத்தில் விவரம் முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழிலிருந்து நேரடியாக ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இவற்றுக்கு அப்போஸ்தில் வேண்டும், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் முத்திரை. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில். அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். முகவர்கள் கேட்கும் ஆயிரங்கள் அவர்களுடைய அலைச்சலுக்கான கூலி, அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். அதன் பின்புதான் மொழிபெயர்ப்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. அப்போஸ்தில் தாளும் மொழிபெயர்ப்பில் இருக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே மொழிபெயர்த்தவர்கள் இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நாங்கள் விசாரித்தபோது ஒரு பக்கத்துக்கு 30 யூரோவிலிருந்து கேட்டார்கள். காவல்துறைச் சான்றிதழ் அதிக நாள் செல்லாது, அதைக் கடைசியாக வாங்குங்கள்.

2. எந்த மாதம் வருவது

முடிவு உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் பாதிக்கு மேல், அல்லது பிப்ரவரி முதல் மே வரை வாருங்கள். ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம்.

காரணம் இந்த ஊரின் நாடக அரங்கு. பிளாசா மாயோர் என்ற நடுச் சதுக்கத்தை ஒட்டி, 1628-இல் கட்டிய மரத்தாலான முற்றவெளி அரங்கு ஒன்று முழுதாக நிற்கிறது. அதை மையமாக வைத்து 1978 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் சர்வதேசச் செவ்வியல் நாடக விழா நடக்கிறது. பார்க்க அருமையான விழா. ஆனால் வீடு தேடி வருகிறவருக்கு அந்த மாதம் கதவு திறக்காது. காலியாக இருக்கும் வீடுகள் எல்லாம் விழாவுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போய்விடும். ஆகஸ்டில் நாடே விடுமுறையில் இருக்கும், அலுவலகங்களில் பாதி ஆள்தான். அந்த மாதக் கடைசியில் புனித பர்த்தலோமேயு திருவிழாவும் வரும். கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் பையோடு வீடு வீடாக ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஈஸ்டர் வாரத்திலும் எந்த வேலையும் நடக்காது. ரோமானியப் படைவீரர் கவசம் அணிந்தவர்கள் சதுக்கத்தில் நத்தைச் சுருள் போல் சுற்றிச் சுற்றி அணிவகுப்பதைப் பார்க்க அந்த வாரம் வரலாம், தாள் வேலைக்கு வர வேண்டாம்.

3. வீடு: ஒப்பந்தத்தின் தலைப்பை முதலில் படியுங்கள்

மாட்ரிட்டோடு ஒப்பிட்டால் வாடகை பாதிக்கும் கீழே. ஆனால் வீடுகள் குறைவு, நல்ல வீடுகளில் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. முதல் சில வாரங்களுக்கு ஒரு விடுதி அறையோ தற்காலிக வீடோ எடுத்துக்கொண்டு, ஊருக்குள் நடந்து, காப்பிக் கடையிலும் மருந்துக் கடையிலும் விசாரிப்பதுதான் இங்கே பலன் தரும் வழி. "சே அல்கீலா" என்று பலகை தொங்கினால் வாடகைக்கு என்று பொருள், அதில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடலாம்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் தலைப்பைப் பாருங்கள். "விவியெந்தா அபித்துவால்", அதாவது நிரந்தர வசிப்பிடம் என்று இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். வீட்டுக்காரர் தனிநபர் என்றால் 5 ஆண்டு வரை நீங்கள் தொடர்ந்து இருக்க உரிமை உண்டு. ஆறு மாதம் கழிந்ததும் 30 நாள் முன்னறிவிப்போடு நீங்கள் வெளியேறலாம். முன்பணம் ஒரு மாத வாடகை, அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதம் கேட்டால் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. 2023-இல் வந்த வீட்டுவசதிச் சட்டப்படி தரகர் கூலியை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும், உங்களிடம் கேட்டால் மறுக்கலாம்.

"தெம்பொராதா" என்று தலைப்பு இருந்தால் அது பருவகால ஒப்பந்தம். செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூலையில் வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும், விழாக் கூட்டத்துக்கு அது தேவை. முன்பணம் இரண்டு மாதம், மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் இல்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் இதில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளின் பள்ளி முடிந்த கையோடு, ஊரில் ஒரு வீடும் கிடைக்காத மாதத்தில் நீங்கள் வீடு தேட வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த முகவரியில் நாங்கள் எல்லோரும் பத்ரோனில் பதியலாமா? முறையான வாடகைக்காரர் பதிந்துகொள்வதை அவர் சட்டப்படி தடுக்க முடியாது. ஆனாலும் தயங்குகிற வீட்டுக்காரரோடு தொடங்க வேண்டாம், வேறு வீடு பாருங்கள். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் வருவது நல்லது. ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் பதியும்போது கூடுதல் கையெழுத்துக் கேட்பார்கள்.

பழைய வீடுகளைப் பற்றி ஒரு சொல். ஊரின் நடுப்பகுதி 1972 முதல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி. சதுக்கத்தின் இரு நீண்ட பக்கங்களிலும் கல் தூண்கள் மேல் வரிசையாக நிற்கும் பச்சை நிறக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் வெளிச் சுவரில் ஏ.சி. பெட்டியோ டிஷ் ஆன்டெனாவோ மாட்ட அனுமதி வேண்டும், கிடைப்பது அரிது. வாடகைக்காரராக நீங்கள் மாட்டினால் அபராதம் வீட்டுக்காரருக்கு, சண்டை உங்களோடு. ஏ.சி. வேண்டும் என்றால் ஏற்கெனவே பொருத்தியிருக்கிற வீட்டையே எடுங்கள்.

4. பத்ரோன்: எல்லாவற்றுக்கும் வேர்

பத்ரோன் என்பது நகராட்சியின் குடியிருப்போர் பதிவேடு. அதில் பெயர் ஏற்றுவதை எம்பத்ரோனமியெந்தோ என்கிறார்கள். வசிக்கிற ஊரில் பதிவது சட்டக் கடமை, கட்டணம் கிடையாது. அடையாள அட்டை, மருத்துவ அட்டை, பள்ளி இடம் என்று பின்னால் வருகிற எல்லாமே இந்தத் தாளைக் கேட்கும். வீட்டுச் சாவி வாங்கிய மறுநாள் காலையே போங்கள்.

அல்மாக்ரோ நகராட்சிக் கட்டடம் பிளாசா மாயோரின் ஒரு முனையிலேயே இருக்கிறது. எடுத்துப் போக வேண்டியவை: எல்லோருடைய பாஸ்போர்ட்டும் நகலும், வாடகை ஒப்பந்தத்தின் மூலமும் நகலும், பிள்ளைகள் இருந்தால் மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழ். உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்குகிறீர்கள் என்றால், அந்த வீட்டுக்கு உரியவர் கையெழுத்திட்ட ஒப்புதலும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவை.

பதிவு முடிந்ததும் சான்று கேளுங்கள். இதில் இரண்டு வகை. "வொலாந்தே" என்பது தகவல் தாள், உடனே அச்சிட்டுத் தருவார்கள். "செர்த்திஃபிகாதோ" என்பது கையொப்பமிட்ட சான்றிதழ், சில நாள் ஆகலாம். பல வேலைகளுக்கு வொலாந்தே போதும், ஆனால் சில கவுண்டர்களில் சான்றிதழையே கேட்பார்கள். எனவே இரண்டையும் விண்ணப்பித்துவிடுங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் வாங்கிய தாளைத்தான் மற்ற அலுவலகங்கள் ஏற்கும். ஒரே நாளில் பத்து நகல் வாங்கி அடுக்கி வைப்பதில் பயனில்லை.

சின்ன ஊரின் பெரிய நன்மை இங்கேதான் தெரியும். பெருநகரங்களில் இந்தப் பதிவுக்கே வாரக்கணக்கில் நேரம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். இங்கே கவுண்டரில் இருப்பவர் உங்கள் தெருவை அறிந்தவர், நின்று விளக்குவார். அந்தப் பொறுமைக்கு ஈடாக நீங்கள் செய்யக்கூடியது, நகல்களை எல்லாம் வீட்டிலேயே எடுத்து அடுக்கிக்கொண்டு போவது.

5. தியே அட்டை: சியுதாத் ரியாலில், ஒரு மாதத்துக்குள்

நியே என்பது வெளிநாட்டினர் எண். எக்ஸ், ஒய் அல்லது இசட் என்ற எழுத்தில் தொடங்கி ஏழு இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும் வரும். விசாவிலேயே பெரும்பாலும் அது அச்சாகியிருக்கும். தியே என்பது அந்த எண்ணும் உங்கள் கைரேகையும் பதிந்த அட்டை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலை விசாவில் வருகிறவர்களுக்கு அந்த ஒரு மாதக் கணக்கு, நிறுவனம் உங்களை அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த நாளிலிருந்து தொடங்கும். பதிந்ததற்கான தாளை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்மாக்ரோவில் இந்த வேலை நடக்காது. சியுதாத் ரியாலில் உள்ள தேசியக் காவல்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். எந்த மாகாணத்தில் பத்ரோன் இருக்கிறதோ அந்த மாகாணத்தில்தான் கைரேகை. மாட்ரிட்டில் நண்பர் வீட்டில் இருந்தபடி முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள்.

முன்பதிவு கட்டாயம், "சீத்தா பிரேவியா" என்பார்கள். அரசு இணையதளத்தில் மாகாணத்தையும் வேலையின் வகையையும் தேர்ந்தெடுத்து நேரம் எடுக்க வேண்டும். நேரம் இல்லை என்று வந்தால் மனம் தளராமல் காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் மறுபடி பாருங்கள், புதிய நேரங்கள் வந்துகொண்டே இருக்கும். இந்த முன்பதிவு இலவசம். காசு கொடுத்தால் நேரம் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், நம் மொழி பேசுகிறவரே சொன்னாலும், கொடுக்காதீர்கள். நாடு முழுவதும் இந்த வியாபாரம் நடக்கிறது. போலி நேரத்தோடு போய் நிற்பவர்தான் அவதிப்படுகிறார்.

கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய இஎக்ஸ்-17 படிவம், பாஸ்போர்ட்டும் விசாப் பக்க நகலும், பத்ரோன் தாள், முன்பதிவுச் சீட்டு, புகைப்படம், கட்டணம் கட்டிய ரசீது. புகைப்படம் 32க்கு 26 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஊரிலிருந்து கொண்டுவரும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் பெரியவை, ஸ்பெயினிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் 16 யூரோ சுற்றித்தான், ஆனால் அதைக் கட்டுவதில் ஒரு நாள் போய்விடும். 790 எண் படிவத்தில் 012 குறியீட்டை இணையத்தில் நிரப்பி, அச்சிட்டு, வங்கியில் கட்ட வேண்டும். பல வங்கிக் கிளைகள் கணக்கு இல்லாதவர்களிடம் வாரத்தில் சில நாட்களில், அதுவும் காலை நேரத்தில் மட்டும்தான் இதை வாங்குகின்றன. எனவே கைரேகை நாளன்று கட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முந்தைய வாரமே முடியுங்கள். சில வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரத்தில் படிவத்திலுள்ள பார்கோடைக் காட்டியும் கட்டலாம்.

கைரேகை கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அட்டை வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதை வாங்கவும் பல இடங்களில் தனி முன்பதிவு வேண்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

6. வங்கியும் மின்சான்றிதழும்

அட்டை வரும் வரை காத்திருக்காமல் பாஸ்போர்ட்டைக் காட்டியே வெளிநாட்டில் வசிப்பவர் கணக்கு தொடங்கலாம். மாதக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு எடுத்தால்தான் கணக்கு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்படைக் கணக்கு என்பது சட்டம் தரும் உரிமை. தியே கைக்கு வந்ததும் அதே கணக்கை உள்நாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்றச் சொல்லுங்கள், மறந்தால் கணக்கை முடக்கவும் கூடும்.

அடுத்த வேலையை யாரும் சொல்வதில்லை, ஆனால் செய்தே ஆக வேண்டும். அரசு நாணய அச்சகம் தனிநபருக்கு இலவசமாகத் தரும் மின்சான்றிதழை, அதாவது இணையத்தில் உங்கள் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை, எடுத்துவிடுங்கள். இணையத்தில் விண்ணப்பித்து, ஒருமுறை நேரில் போய் அடையாளம் காட்ட வேண்டும், பிறகு அதே கணினியில் இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பித்த கணினியையும் உலாவியையும் இடையில் மாற்றாதீர்கள். இது இருந்தால் அதன் பிறகு சியுதாத் ரியாலுக்கு ஓடுகிற வேலையில் பெரும்பகுதி வீட்டு மேசையிலேயே முடிந்துவிடும்.

7. மருத்துவமும் பள்ளியும்

இந்த மாநிலமான காஸ்தில்யா-லா மாஞ்சாவின் மருத்துவச் சேவைக்கு செஸ்காம் என்று பெயர். வேலையில் இருப்பவரும் அவரைச் சார்ந்தவரும் பத்ரோன், தியே, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றோடு உள்ளூர்ச் சுகாதார மையத்தில் விண்ணப்பித்தால் ஒரு குடும்ப மருத்துவரை ஒதுக்குவார்கள். மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்துக்கு, வருமானத்தைப் பொறுத்து 40 முதல் 60 சதவீதம் நீங்கள் கொடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனை சியுதாத் ரியாலில். அவசரத்துக்கு 112. மாணவர் விசாவில் வருகிறவர்கள் விசாவுக்காக எடுத்த தனியார் காப்பீட்டையே பயன்படுத்த வேண்டும்.

கட்டாயக் கல்வி 6 வயதிலிருந்து 16 வரை. ஆனால் 3 வயதிலேயே இலவச வகுப்பு உண்டு, கட்டாயமில்லாவிட்டாலும் சேர்த்துவிடுங்கள். குழந்தைக்கு மொழி அங்கேதான் வரும். விண்ணப்பக் காலம் பிப்ரவரி வாக்கில் தொடங்கும். ஆண்டின் நடுவில் வந்தாலும் காலி இடத்தில் சேர்ப்பார்கள், ஆனால் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

8. ஊரின் கடிகாரம்

தாள் வேலைகளைவிட இதுதான் முதல் மாதத்தில் திணறடிக்கும். அலுவலகங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது காலை 9 முதல் 2 வரை. வங்கிகளும் 2 மணி வாக்கில் மூடிவிடும். அதாவது உங்களுக்கு ஒரு நாளில் ஒரு வேலைதான் முடியும், அதுவும் காலையில். கடைகள் 10 மணிக்குத் திறந்து 2 மணிக்கு மூடி, மறுபடி மாலை 5 அல்லது 5:30-க்குத் திறந்து 8:30 வரை இருக்கும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் இல்லை. மருந்துக் கடைகள் முறை வைத்துத் திறந்திருக்கும். எந்தக் கடை என்பதை மற்ற மருந்துக் கடைக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள்.

மதியச் சாப்பாடு 2 முதல் 4 வரை. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தவர் கதவைத் தட்டாதீர்கள், சுவரில் ஆணி அடிக்காதீர்கள். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஊரே சதுக்கத்துக்கு வந்துவிடும். பாட்டிகள் பெஞ்சில், பிள்ளைகள் பந்தோடு, தூண்களுக்குக் கீழே மேசைகள். கோடையில் இரவு 11 மணி வரைக்கும் குழந்தைகள் அங்கே இருப்பார்கள். தினமும் அரை மணி நேரமாவது அங்கே போய் உட்காருங்கள். எங்களுக்கு நல்ல குழாய் மேஸ்திரி கிடைத்தது, பள்ளி விண்ணப்பக் கடைசித் தேதி தெரிந்தது, பிள்ளைக்குப் பழைய சைக்கிள் கிடைத்தது எல்லாம் அந்தப் பெஞ்சுப் பேச்சில்தான்.

கடைக்குள்ளோ மருத்துவர் அறை வாசலிலோ நுழைந்ததும் "புவெனோஸ் தியாஸ்" சொல்ல வேண்டும், மதியத்துக்கு மேல் "புவெனாஸ் தார்தெஸ்". சொல்லாமல் நுழைவது மரியாதைக் குறைவு. வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள். "கியென் எஸ் எல் உல்திமோ?", கடைசி ஆள் யார் என்று கேட்டு, கை தூக்கியவருக்குப் பின் நம் முறை என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வரிசை.

விடுமுறை நாட்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மொத்தம் 14 பொது விடுமுறை, அதில் இரண்டு அந்தந்த ஊருக்கே உரியவை. அல்மாக்ரோவில் கடை திறந்திருக்கும் நாளில் சியுதாத் ரியாலில் விடுமுறையாக இருக்கலாம், மறுபக்கமும் அப்படியே. மே 31 மாநில நாள். வியாழன் விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமையும் பலர் இருக்க மாட்டார்கள்.

9. மின்சாரமும் குளிரும்

லா மாஞ்சாவில் கோடை எவ்வளவு கடுமையோ குளிரும் அவ்வளவு கடுமை. பழைய வீட்டின் தடித்த சுவர் கோடையில் குளுமை தரும், ஜனவரியில் அதுவே எலும்பைத் தொடும். வீடு பார்க்கும்போது வெப்பமூட்டி எதில் ஓடுகிறது என்று கேளுங்கள். டீசல் என்றால் தொட்டியை நிரப்ப ஒரே தடவையில் பெரிய தொகை வேண்டும். சமையலுக்கும் வெந்நீருக்கும் ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டர் இருக்கும், 12.5 கிலோ. விலையை அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. இந்த சில ஆண்டுகளாக 15 முதல் 20 யூரோவுக்குள் இருந்திருக்கிறது.

மின் இணைப்பில் அரசு ஒழுங்குபடுத்திய கட்டணத்தில் இருந்தால் வார நாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும்தான் விலை அதிகம். நள்ளிரவு முதல் காலை 8 வரையும், சனி, ஞாயிறு முழுவதும் குறைவு. துணி துவைக்கும் இயந்திரத்தைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடைத் துண்டையும் சூரை மீனையும் இங்கே பலர் இறைச்சிக் கணக்கில் வைப்பதில்லை. "நி ஹமோன், நி அத்தூன்" என்று இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். தக்காளி, குடைமிளகாய், சுக்கினி எல்லாம் வதக்கிச் செய்யும் பிஸ்தோ நம்பிச் சாப்பிடலாம், மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லுங்கள். மிகாஸ் (வறுத்த ரொட்டித் துருவல்), காச்சாஸ் (மாவுக் கஞ்சி) இரண்டிலும் பெரும்பாலும் பன்றி உண்டு.

அல்மாக்ரோ கத்திரிக்காய் ஊறுகாயைச் சாப்பிட்டதும் வீட்டு நினைவு வரும். பச்சையாக, குட்டியாக இருக்கும் கத்திரிக்காயை வேகவைத்து வினிகர், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் போட்டு ஊறவைக்கிறார்கள். பெருஞ்சீரகக் குச்சியால் ஒரு துண்டுச் சிவப்பு மிளகாயைக் குத்தி வைத்திருப்பார்கள். ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றது. தயிர்சாதத்துக்கு நன்றாக இருக்கிறது. புளி, உளுந்து, கறிவேப்பிலைக்கு மாட்ரிட்டின் லவப்பியெஸ் பகுதிக் கடைகளுக்குத்தான் போக வேண்டும், வேறு வேலையாக அங்கே போகும்போது சேர்த்து வாங்கி வாருங்கள்.

11. போக்குவரத்து

ரயில் நிலையம் உண்டு, நாளுக்குச் சில வண்டிகள்தான். பேருந்தும் உண்டு, வார இறுதியில் குறைந்துவிடும். அட்டவணையை உங்கள் வேலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து, வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து 6 மாதம்தான் ஓட்டலாம். அதை ஸ்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ள இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இல்லை. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம், 30 கேள்வி, 3 தவறு வரை பொறுப்பார்கள். அரசுக் கட்டணம் சுமார் 94 யூரோ. பயிற்சிப் பள்ளிச் செலவு அதற்குப் பல மடங்கு வரும். வந்த முதல் மாதமே பள்ளியில் சேர்ந்தால்தான் ஆறு மாதம் முடிவதற்குள் உரிமம் கையில் இருக்கும்.

12. நாட்காட்டியில் குறிக்க வேண்டிய இரண்டு தேதிகள்

முதலாவது, தியே காலாவதி. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். மின்சான்றிதழ் இருந்தால் வீட்டிலிருந்தே.

இரண்டாவது, பத்ரோன். நீண்டகால வசிப்புரிமை இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கடிதம் வந்தால்தான் போக வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். புதுப்பிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும். இடையில் ஒரு இடைவெளி விழுந்தால், பின்னால் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டிய விண்ணப்பங்களில் அதை விளக்க நேரிடும். தெரு மாறி வீடு மாறினாலும் அதே நகராட்சிக் கவுண்டரில் புது முகவரியைப் பதியுங்கள், புது ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் போதும்.